ரேடியோ சிஸ்டரும் பேசாத ஆபரேட்டரும்

பிறந்ததிலிருந்தே அவளுக்கு வாய் ஓய்ந்ததில்லை என்று அவளுடைய அக்கா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, கேட்காத நாலு சங்கதிகளையும் கூடவே சேர்த்துச் சொல்கிற ரகம். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கும்போதுகூட ஸ்டேஷன் மாறுமே தவிர அணையாது என்பார் அப்பா. நர்ஸ் படிப்புக்குப் போன இடத்திலும் அந்தப் பெயர் எப்படியோ மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. வேலைக்குச் சேர்ந்தபின் மரியாதைக்கு ஒரு சிஸ்டர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்கு வாய்தான் மூலதனம். ஊசி என்றால் வெலவெலத்துப் போகிற ஆளிடம் போய், அவருடைய மாமனார் வீட்டு வழக்கைக் கிளறிவிடுவாள். அவர் ஆவேசமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். "போட்டாச்சா?" என்று கேட்பவர்களைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்படிப்பட்டவளைத்தான் மனநல வார்டுக்கு மாற்றினார்கள்.

மாற்றல் வந்த அன்று அவள் அழுதாள். அந்தக் காலத்தில் அந்த வார்டுக்கு யாரும் மனநல வார்டு என்று சொல்வதில்லை, கடைசிக் கட்டடம் என்பார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மருமகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் மாமியார் அதன்பின் பெரியாஸ்பத்திரி என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்ததுபோல உள்ளே போய்விடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் மட்டும்தான் பதறவில்லை. "என் பஸ்ல தினமும் ஏறுறவங்களப் பாத்தா, உன் வார்டுல இருக்கறவங்க எவ்வளவோ தேவலாம்னு தோணும். போய்த்தான் பாரேன்" என்றார். எந்தப் பேச்சையும் முடிக்கும்போது 'ரைட்' என்று ஒரு குரல் கொடுப்பது அவர் வழக்கம். அன்றும் கொடுத்தார். வண்டி கிளம்பிவிட்டது.

ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. ஃபினாயிலும் துவைத்த போர்வையும் கலந்த ஒரு வாசம். ஒரு கை நுழையும் அளவுக்குமேல் திறக்காத ஜன்னல்கள். கண்ணாடித் தம்ளர் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். சாப்பாடு முடிந்தால் கரண்டிகளை எண்ணி அலமாரியில் பூட்ட வேண்டும். இடுப்பில் சாவிக்கொத்து. அது நடக்கும்போது சத்தம் போடக்கூடாது என்று கைக்குட்டையைச் சுற்றி வைத்துக்கொள்வாள். பூட்டின் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் சொல்லித் தராமலே அவளுக்குப் புரிந்திருந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் பொதுவாக ஒரு முற்றம், அதில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. மத்தியான வெயில் அந்தப் பெஞ்சின் பாதிவரை வந்து நின்றுவிடும்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லாதது போலவும் இருக்கும், மூச்சு விட நேரமில்லாதது போலவும் இருக்கும். எழுப்ப வேண்டும், பல் தேய்க்க வைக்க வேண்டும், தலை வார வேண்டும், நகம் வெட்ட வேண்டும், மாத்திரையை விழுங்கினார்களா நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும். மாத்திரை கைநடுக்கத்தையும் நாவறட்சியையும் கொண்டு வந்தால் அதையும் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். கட்டுப் போட ஒரு புண் கிடையாது. தையல் பிரிக்க ஒரு காயம் கிடையாது. அவளுடைய சுறுசுறுப்பான கைகளுக்கு அங்கே வேலையே இல்லை.

வாய்க்கும் சிக்கல் வந்தது. பூட்டு ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் அங்கே இருந்தார். கூரைமேல் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு தன்னைத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்வார். முதல் நாள் இவள், மேலே யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னாள். நாற்காலி போட்டு ஏறி, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டும் சொன்னாள். சிஸ்டரும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் வேறு வழியில் போனாள். ஆமாம், இருந்தார்கள், விரட்டிவிட்டேன் என்றாள். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை பேரு? அந்தக் குள்ளனும் இருந்தானா?" என்று கேட்டார். ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பதில் வரவில்லை. சில நாள் திண்டாடிய பிறகுதான் நடுவில் ஒரு சந்து இருப்பது அவளுக்குத் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?" என்று கேட்டாள். அவர் கையைக் காதிலிருந்து எடுத்தார். ரொம்பப் பயமாக இருக்கிறது என்றார். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

இப்படித் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த நாளில்தான் டெலிபோன் ஆபரேட்டர் வந்து சேர்ந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு, நேர் வகிடு. கல்யாணமாகாதவள். அச்சாபீசில் வேலை பார்க்கிற அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, லைன் கேட்டுக் காத்திருந்த காலம் அது. இருபது வருஷமாக அந்த எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு வயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகி, ஊரையும் ஊரையும் பேச வைத்தவள். நோய்ப்படுக்கையில் கிடந்த அம்மாவையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றார் அண்ணன். சாப்பாடு குறைந்தது, தூக்கம் போனது, அதையெல்லாம் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு மத்தியானம், யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டாள். எதிரே பலகையில் அழைப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன, காதில் ஹலோ ஹலோ என்று கத்தினார்கள், அவள் அசையவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

டாக்டர் அதைக் கடுமையான மனச்சோர்வு என்றார். மருந்து பிடிக்கக் கொஞ்ச காலம் ஆகும், அதுவரை சாப்பிட வைப்பதும் கூட இருப்பதும்தான் வைத்தியம் என்றார். கூட இருப்பது என்ற வேலை ரேடியோ சிஸ்டரிடம் வந்தது. அவளுக்குப் பரம சந்தோஷம். பேசாதவளைப் பேச வைக்க என்னைவிட்டால் ஆள் யார் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினாள். குளிக்க வைக்கும்போது பேச்சு, தலை வாரும்போது பேச்சு, ஊட்டும்போது பேச்சு. வீட்டுக்காரர் பஸ்ஸில் நடந்த சண்டை, மகளின் பல் விழுந்தது, மாமியாரும் பால்காரரும் ஒருவரையொருவர் ஏய்க்கப் பார்ப்பது, ஒன்றும் பாக்கியில்லை. ஆபரேட்டர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் மெதுவாக இரண்டு கையையும் எடுத்துக் காதுமேல் வைத்துக்கொண்டாள். பூட்டுக்காரர் முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கும் கேக்குது போல" என்றார். அவருடைய பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். இவளுக்கு முகம் சுண்டிப் போனது.

அடுத்து நடந்ததற்கு அவளுடைய தொண்டைதான் காரணம். குரல்வளை வீங்கி, ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் அன்று முழுக்க எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அந்த நற்செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. லீவு எடுக்கச் சொன்னார்கள். வார்டில் ஆள் குறைவு, அதனால் போனாள். கையால் ஜாடை காட்டி மாத்திரை கொடுத்தாள், கையால் ஜாடை காட்டிக் குளிக்கக் கூப்பிட்டாள். மிச்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் ஆபரேட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

முதல் நாள் நரகம். நாக்கு நமநமவென்று அரித்தது. இரண்டாம் நாள், இவ்வளவு நாளாக அவள் பார்த்தே இராத சிலது கண்ணில் பட ஆரம்பித்தது. ஆபரேட்டருடைய வலதுகை விரல்கள் சும்மா இருக்கவில்லை. போர்வையின் ஓரத்தை எடுத்து, நகர்த்தி, வைத்து, மறுபடி எடுத்தன. யாராவது அழுதால் அவள் கழுத்து ஒரு நூலளவு திரும்பும். மத்தியானத்தைவிடக் காலையில்தான் அவளுக்கு எல்லாம் கனமாக இருக்கிறது, சாயங்காலம் தேவலை. இதையெல்லாம் கவனித்துக்கொண்டு, வேறொன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு நாள் இருமல் வந்தது. அடங்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேசக்கூடாது என்பதை மறந்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"பேசாதீங்க சிஸ்டர். தொண்டை கெட்டுடும்."

குரல் துருப்பிடித்திருந்தது. சொன்னவளே தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள். இருபது வருஷம் குரலை வைத்துப் பிழைத்தவளுக்கு, இன்னொருத்தியின் குரல் கெடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ரேடியோ சிஸ்டர் ஓடிப்போய் வார்டு முழுக்கச் சொல்ல வேண்டும் என்று துடித்தாள். சொல்லக் குரல் இல்லாமல் போனதே நல்லதாயிற்று. தண்ணீரைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு, பழையபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

குரல் திரும்பிய பிறகும், குழாயடிப் பெஞ்சில் ஆபரேட்டரோடு இருக்கும்போது மட்டும் அவள் வேறு ஆளாக இருந்தாள். சின்னதாக ஒன்று கேட்பாள், கேட்டுவிட்டு விட்டுவிடுவாள். பதில் சில நாள் அப்போதே வரும், சில நாள் மறுநாள் வரும். ஆபரேட்டர் எக்ஸ்சேஞ்சைப் பற்றிச் சொன்னாள். பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்கக்கூடாது என்பது சட்டம், ஆனால் லைன் கிடைத்ததா என்று பார்க்க முதல் வார்த்தையைக் கேட்டாக வேண்டும், அந்த முதல் வார்த்தையிலேயே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரிந்துவிடும் என்றாள். பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் வார்டு தலைமை நர்ஸ், கூடையில் மருந்துச் சீசாக்களோடு அந்தப் பக்கமாகப் போகும்போது, "ரேடியோ ஸ்டேஷன் மூடியாச்சா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

சாப்பாடு ஏறியது, தூக்கம் திரும்பியது. அண்ணன் அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஒரு காலையில் ஆபரேட்டர் சிரித்த முகமாக எழுந்து வந்தாள். தானே தலை வாரிக்கொண்டாள். அந்தச் சீப்பைப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். கம்பளிச் சால்வையை இன்னொருத்திக்குப் போர்த்திவிட்டாள். பூட்டுக்காரருக்குக்கூடத் தன்னுடைய பேனாவைக் கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம், தேறிவிட்டாள் என்றார்கள். ரேடியோ சிஸ்டர் மட்டும் அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகிறவள் சீப்பை எதற்குக் கொடுக்கிறாள், குளிர் வரப்போகிற நேரத்தில் சால்வையை எதற்குக் கொடுக்கிறாள்?

படிப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடிமட்டத்தில் கிடப்பவருக்கு எதையும் செய்யத் தெம்பு இருக்காது, கொஞ்சம் தெம்பு வரும் நேரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம் என்று. நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் யாருக்கும் வந்துவிடாது என்றும் சொல்லியிருந்தார்கள். பரீட்சையில் எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது குழாயடிப் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாவிக்கொத்தின் கைக்குட்டையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கேட்டாள்.

"அக்கா, செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?"

ஆபரேட்டர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ சிஸ்டர் காத்திருந்தாள்.

"ஆமா" என்றாள் கடைசியில். முடிவு பண்ணியதும் மனசு லேசாகிவிட்டது என்றாள். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்லுவேன் அக்கா. உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். இப்பவே டாக்டர்கிட்ட சொல்லப் போறேன், நீங்களும் கூட வாங்க."

கை சட்டென்று விலகியது. டாக்டரிடம் போனது, கட்டிலை நர்சுகளின் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டது, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒருத்தர் இருந்தது, மருந்தை மாற்றியது எல்லாம் அன்றைக்கே நடந்தன. ஆபரேட்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரேடியோ சிஸ்டரின் முறை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, "உங்கள நம்பினேன்" என்றாள்.

அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டில் அவள் பேசவில்லை. மாமியார் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், ஜுரம் இல்லை. மகளிடம், அம்மாவைத் தொந்தரவு செய்யாதே என்றாள். சாப்பிட்டு முடித்தபின் மாமியார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வார்டில் என்ன நடந்தது என்று கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டாள். பேர் ஊர் சொல்லாமல் இவள் சொன்னாள். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்மேல கோவமா இருக்கணும்னா அவ உசுரோட இருக்கணுமே. இருக்கட்டும் விடு" என்றாள். கண்டக்டர் அன்று 'ரைட்' கொடுக்காமல் எழுந்துபோய் அவளுக்குப் பாயை விரித்தார்.

கோபம் பல வாரம் நீடித்தது. அது இறங்கியதும் அறிவிப்பு எதுவும் இல்லாமல்தான் இறங்கியது. ஒரு மத்தியானம் பெஞ்சில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தாள். இவள் தள்ளி நின்றாள். ஆபரேட்டர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "எல்லாரும் எப்ப வீட்டுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் அதக் கேட்டீங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகுமுன் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். அவர் நல்ல மனிதர், ஆனால் தைரியமா இரு, தைரியமா இரு என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவர். அதைச் சொல்லச் சொல்ல அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வருகிறது என்பதை ரேடியோ சிஸ்டர் அவருக்குப் பக்குவமாகச் சொன்னாள். தூக்கம் குறைந்தால், சாப்பாடு குறைந்தால், பேச்சு சுருங்கினால் உடனே கூட்டி வாருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு, "அப்போ நான் என்னதான் பேசறது?" என்று குழந்தைபோலக் கேட்டார். பேசவே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள் என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் போயிருக்கும். வெளியூரில் இருந்த ஒரு நோயாளியின் வீட்டுக்குப் பேச வேண்டியிருந்தது. வார்டு டெலிபோனை எடுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டாள். எந்த ஊர் வேண்டும் என்று ஒரு குரல் கேட்டது. துருவெல்லாம் போய், சுத்தமாகத் துலக்கி வைத்த குரல். இவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஊர் பெயரை மட்டும் எப்படியோ சொன்னாள்.

"லைன் கிடைக்க நேரமாகும் சிஸ்டர். வெச்சுடாதீங்க, நான் இருக்கேன்."

அவ்வளவுதான். இரண்டு பேருமே வேலையில் இருந்தார்கள். லைன் கிடைக்கும்வரை ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி காத்திருந்தார்கள். பிறகு வெளியூர் பேசியது.

அதோடு நோய் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இன்னும் இரண்டு வருஷம் கழித்து ஆபரேட்டர் மறுபடி வார்டு வாசலில் நின்றாள். இந்தத் தடவை யாரும் கையைப் பிடித்துக் கூட்டி வரவில்லை. தானே பஸ் ஏறி, மாற்றுத் துணியும் சீப்பும் வைத்த பையோடு வந்திருந்தாள். தூக்கம் போய்விட்டது சிஸ்டர், ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன் என்றாள். பெரிய சிஸ்டர் அவளை உட்கார வைத்து டீ கொடுக்கச் சொன்னாள். மருந்தறைக்குள் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தானா வந்திருக்காடீ" என்றாள். அந்தத் தடவை சில வாரங்களிலேயே அவள் வீடு திரும்பினாள்.

எக்ஸ்சேஞ்சுக்கு வேலை குறைந்து, ஆபரேட்டர் கேட்பவர்களுக்கு நம்பர் சொல்கிற விசாரணைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்தே ஓய்வு பெற்றாள். ரேடியோ சிஸ்டரும் அதே வார்டில் பெரிய சிஸ்டராகி, தலை நரைத்து, ஒரு நாள் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வேலையில் இருந்தவரை இருவருக்கும் வார்டுக்கு வெளியே பழக்கம் இருந்ததில்லை. அது முறையில்லை என்று இவள் வைத்திருந்தாள், அவளும் புரிந்துகொண்டிருந்தாள். ஓய்வுக்குப் பிறகுதான் பூங்காவில் எப்போதாவது பார்த்துக்கொண்டார்கள். பார்த்தால் நோயைப் பற்றிப் பேசுவதில்லை, முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசினார்கள்.

போன வருஷம் ஆபரேட்டர் நிமோனியாவில் படுத்தாள். பொது வார்டில், ஜன்னலோரக் கட்டில். பார்க்கப் போனபோது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், காது மந்தம், கண்ணாடி தடிமன். அண்ணன் பிள்ளைகள் மாறி மாறி வந்துபோனார்கள். ஆபரேட்டருக்கு மூச்சு இழுத்தாலும் முகம் தெளிவாக இருந்தது. எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். சில நாளில் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பி வருகிற வழியில் ரேடியோ சிஸ்டர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அழுதாள். கடைசிக் கட்டடத்தைக் கடக்கும்போது பார்த்தாள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், முற்றத்துச் சுவர்மேல் துவைத்த போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் யார் போனது என்று கேட்டார். தெரிந்தவங்க, வயசாகிப் போயிட்டாங்க என்றாள். வயசாகி என்ற அந்த வார்த்தையைச் சொல்லும்போது அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு நிறைவு இருந்தது. அவரிடம் அதை விளக்கவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து, இருவருக்கும் டீ போட்டாள்.